ஆவுடையப்பன் வீட்டுச் சலுகைப் போன்

நொச்சிவிளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஆவுடையப்பன் வீட்டுக்கு எங்கே இறங்கணும் என்று கண்டக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் சிரித்து முடிப்பார், அதற்கப்புறம்தான் டிக்கெட் கிழிப்பார். அப்பேர்ப்பட்ட வீடு அது. அந்த வீட்டுக்குள் கெட்ட எண்ணம் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. உருப்படியான யோசனை என்று ஒன்றையும் பார்த்ததில்லை.

வீட்டில் நாலு பேர். ஆவுடையப்பன் வாழைத்தோப்பில் கூலிக்கு இலை அறுக்கிறவர். அவர் பெண்டாட்டி சண்முகவடிவு. அவர் தம்பி சுடலைக்கண், கல்யாணம் ஆகாதவன். வடிவின் தம்பி நயினார், அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைவிட ரெண்டு வகுப்பு அதிகம் உட்கார்ந்துவிட்டு வந்தவன். அதனால் வீட்டுக்கு அவன்தான் வக்கீல். அவனைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்காது. கேட்காமல் நடந்திருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஒரே மகள் முத்தரசியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் போன நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அவள் குரல் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. இலை அறுக்கும்போதே மனுஷனுக்குக் கண் நிறைந்துவிடும். "எம்மவ குரலை ஒருதரம் கேட்டாப் போதும்" என்று வாழை மரத்திடமே புலம்பியிருக்கிறார். அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற நல்ல சேதியைக்கூட, கோயம்புத்தூருக்கு வாழைத்தார் ஏற்றிப் போன லாரிக்காரன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் சலுகையில் போன் கொடுக்கிறது என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். ஆவுடையப்பன் பேரும் அதில் வந்துவிட்டது. ஒரு காலை நேரம் அதிகாரியம்மா ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, போனைக் கையில் கொடுத்து, நிறுத்தி நிதானமாக விவரம் சொன்னார்.

"இங்க பாருங்கய்யா. ஒரு குடும்பத்துக்கு ஒரு போன்தான். மாசம் ஒருதடவையாவது பேசிடணும். பேசாம சும்மா போட்டு வச்சா கட் பண்ணிடுவாங்க. வீட்டுல ஆள் கூடினாலும் குறைஞ்சாலும் எங்ககிட்டச் சொல்லணும். ஆறு மாசம் கழிச்சு நானே வந்து பார்ப்பேன். உங்க நிலைமை இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா சலுகை தொடரும்."

நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அதிகாரியம்மா வாசலில் வைத்து எல்லோரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஜீப் புழுதி அடங்குவதற்குள் நயினார் தொண்டையைக் கனைத்தான். "அத்தான், அந்தம்மா கடைசியாச் சொன்னதுதான் முக்கியம். இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்னாக. இப்ப நாம எப்படி இருக்கோம்?"

"நல்லாத்தான் இருக்கோம் மாப்ளே."

"அப்படி மொத்தமாச் சொன்னா ஆபீசுல ஒத்துக்கிட மாட்டாக. போட்டோ வேற எடுத்துட்டாக. ஒவ்வொருத்தரா எப்படி நின்னோம்னு பாக்கணும்."

பார்த்தார்கள். ஜீப் வந்தபோது ஆவுடையப்பனுக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. இடது மீசையை எடுத்து முடித்த கையோடு, ஜீப்பைப் பார்த்துப் பயந்து நாவிதர் ஓடிவிட்டார். சுடலைக்கண்ணுக்குப் பல்வலி, வலது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. நயினார் கூரையில் உடைந்த ஓட்டை மாற்ற ஏணியில் நின்றிருந்தான். வடிவு கையில் அகப்பை. ஆட்டுரலின் மேல் ஒரு வெள்ளாட்டுக்குட்டி.

"அப்ப மீசையை என்ன செய்ய?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"எடுத்த பக்கம் முளைக்கக் கூடாது. இருக்கிற பக்கம் எடுக்கக் கூடாது."

"ஊரு சிரிக்குமேய்யா."

"ஊரு நமக்குப் போனா குடுத்துச்சு?"

ஆவுடையப்பன் மகளை நினைத்துப் பார்த்தார். மீசையைத் தடவிப் பார்த்தார். "சரி, போட்டும். பாதிதானே போயிருக்கு" என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சுடலைக்கண் வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணே, குடி கெட்டுதுண்ணே! கன்னம் வத்திட்டு! நான் ஒண்ணுமே செய்யலைண்ணே, தன்னால வத்திட்டு!"

"ஏலே பாவி! ஒரு வீக்கத்தைக் காப்பாத்தத் துப்பில்லையாலே உனக்கு?"

நயினார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு பெரிய நெல்லிக்காயை வலது கன்னத்தில் அடக்கிக்கொள்வது. சாப்பிடும்போது மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து சுடலைக்கண் பேசியது பாதி யாருக்கும் விளங்கவில்லை. அதனால் வீட்டில் சண்டை கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏணியைச் சாத்தியபடியே விட்டார்கள். ஓட்டையும் மாற்றவில்லை. மழை பெய்தால் அடுப்பங்கரையில் குடை பிடித்துக்கொண்டுதான் வடிவு குழம்பு கூட்டினாள். ஜீப் சத்தம் எங்கே கேட்டாலும் நயினார் ஏணியில் ஏறி நின்றுவிடுவான். ஒருதரம் அது கல்யாண ஜீப், தாலி கட்டி முடிந்து திரும்பி வருகிற வரைக்கும் அவன் இறங்கவில்லை.

ஆட்டுக்குட்டிதான் யார் சொல்லையும் கேட்காமல் வளர்ந்தது. "ஆடு வளந்தா வசதி கூடிட்டும்பாக" என்றான் நயினார். உடனே மேட்டுத்தெரு ஆட்டுக்காரனிடம் வளர்ந்ததைக் கொடுத்துவிட்டு அதே நிறத்தில் சின்னக் குட்டியாக வாங்கி வந்தார்கள். அதுவும் வளர்ந்தது, அதையும் மாற்றினார்கள். அவர்கள் தலை தெரிந்தாலே ஆட்டுக்காரன் எழுந்து நின்று கும்பிட ஆரம்பித்தான்.

இதெல்லாம் கிடக்கட்டும். தோப்பு முதலாளி ஒருநாள் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு, "உமக்குக் கூலி கூட்டித் தாரேன்வே" என்றார். ஆவுடையப்பன் தடால் என்று அவர் காலில் விழுந்தார். "முதலாளி, என் வயித்துல அடிச்சிராதீங்க! பிள்ளைகுட்டிக்காரன் நான்! பழைய கூலியே போதும், உங்க காலைக் கும்பிட்டுக் கேக்கேன்." முதலாளி அரண்டுபோய், "சரிவே, கூட்டலை, எந்திரியும்" என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அவர் எழுந்தார்.

மாசம் ஒருதடவை பேசணும் என்று சொன்னதையும் அவர்கள் மறக்கவில்லை. போனைப் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரின் மாடக்குழியில் வைத்திருந்தார்கள். கொடுத்தபோது அது கறுப்பாக, சத்தமில்லாமல் இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்று ஒரு பொத்தானைக்கூட யாரும் தொடவில்லை. மாசப் பிறப்பு அன்று குளித்து, திருநீறு பூசி, நாலு பேரும் அதன் முன்னால் வரிசையாக நிற்பார்கள்.

"போனே, சௌக்கியமா? நாங்க சௌக்கியம்" என்று ஆவுடையப்பன் ஆரம்பிப்பார். வடிவு தக்காளி விலையைச் சொல்வாள். நயினார் மழை நிலவரம் சொல்வான். சுடலைக்கண் நெல்லிக்காயோடு என்னவோ சொல்வான், அது போனுக்கு விளங்கியதா என்பது தெரியாது.

பேசி முடித்ததும் மற்ற மூன்று பேரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆவுடையப்பன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம்பரை லாரிக்காரன் மூலம் முத்தரசிக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவள் ஏன் கூப்பிடவில்லை? "நம்மளை மறந்துட்டாளோ வடிவு?" என்று கேட்பார். வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டில் ராசக்கனி என்று ஒரு விதவை, இட்லிக் கடை வைத்திருக்கிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் மாசாமாசம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டு அவளுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. விறுவிறு என்று வந்து போனைக் கையில் எடுத்தாள்.

"அண்ணாச்சி, இது உசுரே இல்லாமல்லா கிடக்கு! சார்ஜ் போட்டீகளா?"

"நாங்க ஒண்ணுமே போடலை தாயி. வந்த மாதிரியே வச்சிருக்கோம்" என்றார் ஆவுடையப்பன், பெருமையாக.

ராசக்கனி தலையில் அடித்துக்கொண்டு சார்ஜ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் கண்ணைத் திறந்து, டிங் டிங் என்று கொட்ட ஆரம்பித்தது. அவள் படித்துப் பார்த்தாள். "முத்தரசி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கா அண்ணாச்சி! பாவம் அந்தப் பிள்ளை. இன்னொரு சேதியும் இருக்கு, இதுவரைக்கும் பொறுத்தாச்சாம், இந்த மாசக் கடைசிக்குள்ள போன்ல ஒருத்தர்கிட்டயாவது பேசலைன்னா சலுகை போயிருமாம்."

வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. மகள் மறக்கவில்லை என்ற சந்தோஷமும், போன் போகப்போகிறது என்ற பயமும் சேர்ந்து வந்ததில், ஆவுடையப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டையும் செய்தார்.

அவர் அழுது முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நிறைமாச வயிற்றோடு முத்தரசி இறங்கினாள், பின்னாலேயே மாப்பிள்ளை முருகையா, கையில் பெட்டி. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் எடுக்காததால் பயந்துபோயிருந்தார்கள். எப்படியும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதனால் கிளம்பி வந்துவிட்டார்கள்.

"என்னப் பெத்த தாயி!" என்று ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆவுடையப்பன் ஓடினார். நடை தாண்டுவதற்குள் நயினார் குறுக்கே பாய்ந்தான்.

"அத்தான், நில்லுங்க! ஆள் கூடுது!"

ஆவுடையப்பன் விரித்த கையோடு அப்படியே நின்றார்.

"அவ உள்ள வந்தா ஒண்ணு. மாப்பிள்ளை வந்தா ரெண்டு. பிள்ளை பொறந்தா மூணு. நிலைமையே தலைகீழாயிரும். போன் போயிரும்."

முத்தரசிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, உங்களுக்கு நான் வேண்டாமா, போன் வேணுமா?"

"ஐயோ, நீ வேணும்னுதாம்ளா போனே வாங்கினேன்!" என்று ஆவுடையப்பன் விம்மினார். "போன் போச்சுன்னா உன் குரலை நான் எப்படிளா கேப்பேன்?"

"இப்பக் கேட்டுக்கிட்டுத்தானேப்பா இருக்கீக?"

"இது வேற தாயி. அது போன்ல கேக்கிறது."

ராசக்கனி பொறுமை இழந்தாள். "நல்லா இருப்பீக, எல்லாரும் ஒதுங்குங்க. நீ வாளா, என் வீட்டுக்கு" என்று முத்தரசியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

ஆவுடையப்பனுக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மகள் சுவருக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். மாடக்குழியில் காதை வைத்துக்கொண்டு அவள் இருமினால் இவர் தொண்டையைத் தடவிக்கொள்வார். வடிவு மட்டும் கஷாயம், களி என்று அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி, இப்பவே அவளுக்கு ஒரு போன் போட்டுப் பேசிட்டாக் கணக்கு தீந்துரும்லா?" என்றாள் ராசக்கனி.

நயினார் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னத்தைப் பேச? சேதியே இல்லாமப் பேசினா அது அரசாங்கத்தை ஏமாத்துறது. பிள்ளை பொறக்கட்டும். அது சேதி. அதைப் போன்ல சொல்லட்டும்."

ஆவுடையப்பன் சுவரில் வாயை வைத்துக் கூவினார். "முத்தரசி! மாசக் கடைசிக்குள்ள பெத்துரு தாயி! தள்ளிப் போட்டுராதே!"

"என் கையிலயாப்பா இருக்கு?" என்று சுவர் பதில் சொன்னது.

சும்மா சொல்லக்கூடாது, முத்தரசி அப்பன் பேச்சைத் தட்டாத பெண். மாசக் கடைசி நாள் மத்தியானம் வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஒரு ஆள் ஓடினான். வண்டி வருவதற்குள் பிள்ளை அவசரப்பட்டதால், அடுத்த தெருவில் இருந்த நர்சம்மா ஓடி வந்து பிரசவம் பார்த்தார். வடிவு அந்தப் பக்கம். மற்ற மூன்று பேரும் மாடக்குழியின் முன்னால் கைகட்டி நின்றார்கள். மகள் நல்லபடியாகப் பிழைக்கணும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கணும், போன் அடிக்கணும் என்று ஆவுடையப்பன் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டார்.

போன் அடித்தது. ராசக்கனி சொல்லிக் கொடுத்திருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

"மாமா! ஆம்பளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!" என்றார் முருகையா. "இந்தாங்க, உங்க பேரன் அழுறதைக் கேளுங்க!"

போனுக்குள் ஒரு குழந்தை வீல் என்று அழுதது. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குழந்தை வீல் என்று அழுதது.

மூன்று பேரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். சுவர்ப் பக்கம் அழுகிறது, ஒரு நொடி கழித்துப் போனில் அழுகிறது. அது நிறுத்தினால் இதுவும் நிறுத்துகிறது.

சுடலைக்கண் நெல்லிக்காயை வெளியே துப்பினான். "அண்ணே! ரெண்டு!"

"ரெட்டைப் பிள்ளை அத்தான்!" என்று நயினார் குதித்தான். "ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அதே மாதிரி அழும். ரெட்டைன்னா அப்படித்தான்!"

ஆவுடையப்பன் போனைக் கையில் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்கு ஓடினார். முத்தரசி களைத்துப்போய்ச் சிரித்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கண்ணீர் கொட்டியது. அவள் பக்கத்தில் கிடந்த பேரனைப் பார்த்தார், ஆசை தீரப் பார்த்தார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"என்னத்தைத் தேடுதீக அண்ணாச்சி?" என்றாள் ராசக்கனி.

"இன்னொருத்தனை எங்க?"

"ஒண்ணுதானே பொறந்துச்சு!"

"அப்பப் போன்ல அழுதவன்?"

நயினார்தான் யோசித்து, தெளிந்து, மெதுவாகச் சொன்னான். "அத்தான், பதறாதீங்க. அவன் போனுக்குள்ளதான் இருக்கான்."

"ஐயோ, என் பேரன் மாட்டிக்கிட்டானா!"

"மாட்டலை. உள்ள பத்திரமா இருக்கான். ஆஃப் பண்ணாம, நேரத்துக்குச் சார்ஜ் போட்டுப் பாத்துக்கிட்டா அவனும் வளந்துருவான்."

முருகையா எதையோ விளக்க வாயெடுத்தார். முத்தரசி அவர் கையைப் பிடித்து அடக்கினாள். "விடுங்க. நான் இருபது வருஷம் விளக்கிப் பாத்தவ" என்றாள்.

தொட்டிலிடுகிற நாள் வந்தது. தாய்வீட்டில்தான் தொட்டில் கட்டணும், இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை என்று ராசக்கனி அடித்துச் சொல்லி, முத்தரசியையும் பிள்ளையையும் கொண்டுவந்து உள்ளே விட்டாள். வீட்டில் ரெண்டு சேலைத் தொட்டில் தொங்கியது. ஒன்றில் பேரன். இன்னொன்றில் போன். இரண்டு பேருக்கும் இடுப்பில் கறுப்புக் கயிறு, கண்பட்டுவிடாமல் இருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு. வடிவு ரெண்டு தொட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து கைக்கொன்றாக ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடினாள். போன் சார்ஜ் குறைந்து டிங் என்றால், "பிள்ளைக்குப் பசி" என்று சுடலைக்கண் ஒயரைக் கொண்டு ஓடுவான்.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது.

வீடு ஒரு நொடி உறைந்தது. அடுத்த நொடி நயினார் ஏணியில் இருந்தான். சுடலைக்கண் கன்னத்தில் நெல்லிக்காய். வடிவு கையில் அகப்பை. ஆட்டுரலில் ஆட்டுக்குட்டி. ஆவுடையப்பன் பாதி மீசையோடு வாசலில் வந்து நின்றார். அதிகாரியம்மா இறங்கி, தன்னிடம் இருந்த போட்டோவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"நீங்க யாரும் இதுவரைக்கும் நகரவே இல்லையா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பனுக்குப் பொய் சொல்ல வராது. "எல்லாத்தையும் காப்பாத்திட்டேம்மா. ஆனா ஆள் கூடிட்டு. ரெண்டு பேரன். மகளுக்குத் தலைப்பிரசவம். என்ன செய்யச் சொல்லுதீக, விரட்டவா முடியும்? சலுகையை எடுக்கிறதா இருந்தா எடுத்துக்கோங்க" என்று தேம்பிவிட்டார்.

"ஐயோ, ஆள் கூடினா சலுகை போகாதுய்யா. சும்மா எங்ககிட்டச் சொன்னாப் போதும். அழாதீங்க. போன் எங்க? மாசாமாசம் பேசுறீங்களா?"

"பேசுதோமாவா? தாலாட்டே பாடுதோம்."

அதிகாரியம்மாவுக்குச் சந்தேகம் வந்து, தன் போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தார். ரெண்டாவது தொட்டில் கிர்ரென்று அதிர்ந்து, மணி அடிக்க ஆரம்பித்தது.

"போச்சு, முழிச்சிட்டான்!" என்று வடிவு ஓடினாள். முதல் தொட்டிலில் பேரனும் விழித்து அழுதான். ஏணியில் இருந்து நயினார், "சின்னவனை முதல்ல தூக்குங்க அக்கா!" என்று கத்தினான். சுடலைக்கண் ஒயரோடு பாய்ந்தான். வடிவு போனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். முத்தரசி தன் மகனைத் தூக்கிக்கொண்டு, அதிகாரியம்மாவைப் பார்த்து, ஒன்றும் கேட்காதீர்கள் என்பதுபோல் கும்பிட்டாள்.

அதிகாரியம்மா ரெண்டு தொட்டிலையும் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு சொன்னார். "உங்க நிலைமையில ஒரு மாற்றமும் இல்லைய்யா. அப்படியேதான் இருக்கு. சலுகை தொடரும்."

வீட்டில் ஒரே கொண்டாட்டம். சுடலைக்கண் நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டான். நயினார் சந்தோஷத்தில் ஏணியோடு சாய்ந்தான். அதிகாரியம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது, ஆவுடையப்பன் மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, கோவிச்சுக்கிடக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு போன்னு நீங்கதான் சொன்னீக. குடுத்ததுல பேரன் இருக்கான், அவனை எடுத்து இனி நாங்க காதுல வைக்க முடியாது. அடுத்த மாசம் எம்மவ கோயம்புத்தூருக்குப் போயிருவா. அவ குரலைக் கேக்க வீட்டுல ஒரு போன் இல்லாமத் தவிச்சுப் போவோம். ஒண்ணு குடுத்தீகன்னா நல்லா இருப்பீக. இந்தத் தடவை பிள்ளை இல்லாததாப் பாத்துக் குடுங்க."